மெயிலுக்கு "கோடு" வரவே இல்லையா? கடைசி நாளில் தவிக்கும் மாணவர்கள்... எங்கே போய் மாட்டுகிறது? முழு விவரம்

மதுரை:

ஆன்லைனில் விண்ணப்பம் போட உட்கார்ந்தால் முதலில் கேட்பது செல்போன் நம்பர். அடுத்து கேட்பது இ-மெயில் முகவரி. செல்போனுக்கு ஓ.டி.பி. டக்கென்று வந்து விழுந்து விடும். மெயிலுக்கு அனுப்பி விட்டதாக கம்ப்யூட்டர் சொல்லும் 6 இலக்க கோடு மட்டும் வரவே வராது. "ரீசென்ட்" பட்டனை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஆரம்பித்து மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம், திருமங்கலம், உசிலம்பட்டி வரை எந்த பிரவுசிங் சென்டருக்கு போனாலும் "அண்ணே, மெயில்ல கோடு வர மாட்டேங்குதுண்ணே" என்ற புலம்பலை கேட்கலாம். நீட், ஜே.இ.இ., டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் என்று எதை எடுத்தாலும் இ-மெயில் இல்லாமல் வேலை நகராது. ரெயில் டிக்கெட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு தொடங்கவும் மெயிலை உறுதி செய்ய வேண்டும். பாரதி உலா வீதி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு போக நினைப்பவர்களும் முதலில் இணையதளத்தில் மெயில் ஐடியோடுதான் கணக்கு தொடங்க வேண்டும்.

இதில் விளையாட்டு இல்லை. 2025-ம் ஆண்டு நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்க மார்ச் 7-ந் தேதி இரவு 11.50 மணியோடு கதவை சாத்தினார்கள். 11.40-க்கு கோடு வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது ஒரு வருட படிப்பு.

பலர் நினைப்பது போல "சர்வர் டவுன்" என்பது எப்போதாவதுதான். பெரும்பாலான கேஸ்களில் கோடு கிளம்பி போயிருக்கும். போய் சேர்ந்த இடம்தான் வேறு. அதனால் ஏன் வரவில்லை என்று கேட்பதை விட எங்கே போனது என்று தேடுவதுதான் சரியான வழி.

யாருடைய மெயில் ஐடி?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் மெயில் ஐடிதானா?

நம்ம பக்கம் பாதி பேருக்கு விண்ணப்பத்தை பூர்த்தி செய்து கொடுப்பது பிரவுசிங் சென்டர் தம்பிதான். கூட்டம் நிற்கும். "மெயில் ஐடி இருக்கா?" என்று கேட்பார். பிள்ளை முழிக்கும். "சரி விடுங்க, நம்ம கடை ஐடியை போட்டுக்கிறேன்" என்று தட்டி விடுவார். அன்றைக்கு வேலை முடிந்து விடும். கோடும் அவர் இன்பாக்சுக்கே வரும், அவரே பார்த்து போட்டு விடுவார். உதவிதான் செய்தார், தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்க பாஸ்வேர்டு மறந்து போச்சு என்றால் கோடு போய் விழுவது அந்த கடையின் மெயிலில். கடையை காலி செய்து விட்டு அவர் திருப்பூருக்கு போயிருப்பார்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 2001-ம் ஆண்டு மேலூர் பகுதி கிராமங்களில் சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவை சேர்ந்து "சாரி" என்ற திட்டத்தில் இன்டர்நெட் கியோஸ்க்குகளை திறந்தன. கார்டெக்ட் என்ற வயர்லெஸ் தொழில்நுட்பத்தில் ஓடியது. சாதி சான்று, வருமான சான்று, முதியோர் பென்ஷன் மனு எல்லாம் அங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்கு மெயிலில் போனது. கண்ணை வெப் கேமராவில் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டரிடம் யோசனை கேட்டார்கள். அந்த காலத்துக்கு பெரிய விஷயம். உலகமே வந்து பார்த்தது. கியோஸ்க்கில் இருப்பவர் கையால்தான் மெயில் போகும், வரும். சில வருடங்களில் அந்த மையங்கள் பலவும் மூடப்பட்டன. ஆனால் "மெயில் என்றால் கடைக்காரர் பார்ப்பது" என்ற பழக்கம் மட்டும் ஊரில் தங்கி விட்டது.

2011-ல் மத்திய அரசு கொண்டு வந்த சைபர் கபே விதிப்படி, சென்டருக்கு வருகிறவரிடம் அடையாள அட்டை வாங்கி விவரத்தை பதிந்து ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். யார் மெயில் ஐடியை விண்ணப்பத்தில் போட வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை!

நீட், ஜே.இ.இ. நடத்தும் தேசிய தேர்வு முகமை மட்டும் இதில் கறாராக இருக்கிறது. மாணவர் அல்லது பெற்றோர், பாதுகாவலரின் சொந்த மெயில், சொந்த செல்போன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்று தகவல் கையேட்டிலேயே போடுகிறார்கள். 2025 ஜே.இ.இ. மெயின் தேர்வுக்கு திருத்தம் செய்ய வாய்ப்பு கொடுத்தபோது கூட செல்போன் நம்பரையும் மெயில் முகவரியையும் மாற்ற விடவில்லை. ஒரு தடவை கடை ஐடியை போட்டு விட்டால் அவ்வளவுதான்.

கடை ஐடி என்று தெரிந்தால் என்ன செய்வது? கடை இன்னும் இருந்தால் இன்றே நேரில் போய் உட்காருங்கள். போனில் கோடை கேட்டு வாங்குவதை விட, அவர் இன்பாக்சை திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே கணக்குக்குள் நுழைந்து, உங்கள் ஐடியை மாற்ற அந்த இணையதளம் விட்டால் மாற்றி விட வேண்டும். கடையே இல்லை, ஆனால் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறது என்றால் இன்னும் நல்லது. உள்ளே நுழைய முடிகிறபோதே மாற்றுங்கள். பாஸ்வேர்டு மறந்த பிறகு மாற்ற நினைத்தால் அதற்கும் அந்த பழைய மெயிலுக்குத்தான் கோடு போகும். டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறை பதிவு 5 வருடம் செல்லும். அத்தனை வருடமும் அந்த ஐடி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு எழுத்து செய்யும் கூத்து

ஐடி உங்களுடையதுதான், ஆனாலும் வரவில்லை. அடுத்து எழுத்து எழுத்தாக படித்து பாருங்கள். "ஜிமெயில்" என்பதில் ஐ-யும் எம்-மும் இடம் மாறி இருக்கும். "காம்" என்பது "கான்" ஆகி இருக்கும். 98 என்று முடிய வேண்டியது 1998 என்று இருக்கும். கீழ்க்கோடு போட வேண்டிய இடத்தில் நடுக்கோடு.

யாகூ வைத்திருப்பவர்களுக்கு தனி தொல்லை. "யாகூ.காம்" வேறு, "யாகூ.கோ.இன்" வேறு. முன்பக்கம் ஒரே பெயராக இருந்தாலும் இரண்டும் ஒரே பெட்டி இல்லை. நம்ம ஊரில் பழைய ஆட்கள் நிறைய பேர் "கோ.இன்" வைத்துக்கொண்டு "காம்" என்று சொல்லி விடுவார்கள். கோடு யாரோ ஒருவருக்கு போகும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றி கவலை வேண்டாம். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வரும் புள்ளியும் கணக்கில் வராது. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே இன்பாக்ஸ்தான். ஆனால் மற்ற கம்பெனி மெயில்களில் புள்ளியும் ஒரு எழுத்து மாதிரி. செல்போனில் தானாக பூர்த்தி ஆகும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும், அதையும் அழித்து விட்டு மறுபடி அனுப்பி பாருங்கள்.

மெயில் போன் மாதிரி இல்லை, போஸ்ட் ஆபீஸ் மாதிரி

மெயில் என்றால் நொடியில் வந்து விடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது தபால் மாதிரிதான். தபாலுக்கு நடுவில் ஆர்.எம்.எஸ்.சில் பிரிப்பது போல மெயிலும் ஒரு சர்வரில் இருந்து இன்னொரு சர்வருக்கு கைமாறி வருகிறது. வாங்குகிற சர்வர் "இப்ப பிசி, அப்புறம் வா" என்று சொன்னால் அனுப்பிய சர்வர் வரிசையில் போட்டு வைத்து, கொஞ்ச நேரம் கழித்து திரும்ப முயற்சி செய்யும். அந்த இடைவெளி அரை மணி நேரமாக கூட இருக்கலாம். முன்பின் தெரியாத முகவரியில் இருந்து வரும் மெயிலை வேண்டுமென்றே ஒரு தடவை திருப்பி விட்டு, மறுபடி வந்தால்தான் நம்பி வாங்கும் சர்வர்களும் உண்டு. காலேஜ், ஆபீஸ் மெயில்களில் இது சகஜம். கோடின் ஆயுசோ பல இடங்களில் 10 நிமிடம்தான். மெயில் வந்து சேரும்போது கோடு செத்துப்போய் இருக்கும்.

இதோடு 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாகூவும் கெடுபிடியை கூட்டி விட்டன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 ஆயிரம் மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், அது தங்கள் பெயரில் வந்த மெயில்தான் என்பதற்கு எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற சோதனைகளில் தேற வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாப்டும் அவுட்லுக், ஹாட்மெயிலுக்கு இதே விதியை கொண்டு வந்தது. போலி மெயிலை தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதை சரியாக செய்து வைக்காத இணையதளம் அனுப்பும் கோடு ஸ்பாமில் விழும், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். இதில் உங்கள் பக்கம் எந்த தப்பும் இல்லை. வேறு கம்பெனி மெயில் ஐடியை கொடுத்து பார்ப்பதுதான் வழி. ஜிமெயிலில் வராதது யாகூவிலோ, நம்ம தென்காசி பக்கம் ஆபீஸ் போட்டிருக்கும் ஜோஹோ மெயிலிலோ வரலாம். இரண்டு ஐடி வைத்துக்கொள்வதில் காசு ஒன்றும் செலவில்லை.

ஸ்பாமை பார்த்தேன், அங்கேயும் இல்லை

ஸ்பாமை பார்க்க சொன்னால் எல்லோரும் "பார்த்துட்டேன் சார்" என்பார்கள். அதோடு நிற்கக்கூடாது. ஜிமெயிலில் புரமோஷன்ஸ், அப்டேட்ஸ் என்று தனித்தனி தட்டுகள் இருக்கின்றன. அதையும் தாண்டி "ஆல் மெயில்" என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய் தேடல் கட்டத்தில் அந்த இணையதளத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து தேடுங்கள். எப்போதோ எரிச்சலில் அந்த முகவரியை "ஸ்பாம்" என்று அழுத்தியோ, பிளாக் செய்தோ வைத்திருந்தால் அதில் இருந்து வருவதெல்லாம் தானாக ஸ்பாமுக்கு போய்க்கொண்டே இருக்கும். ஸ்பாமில் இருப்பது 30 நாளில் தானாக அழிந்து விடும் என்பதால் பழையதை தேடி பிரயோஜனம் இல்லை.

செல்போன் ஆப்பில் சிங்க் ஆப் ஆகி இருந்தாலோ, பேட்டரி சேவர் போட்டிருந்தாலோ மெயில் வந்தாலும் காட்டாது. திரையை கீழே இழுத்து விட்டு பாருங்கள். சந்தேகம் இருந்தால் குரோமில் ஜிமெயிலை திறந்து பாருங்கள். அதில் தெரிவதுதான் நிஜம்.

பெட்டி நிறைந்து போனால்...

இப்போது அதிகமாக மாட்டுவது இதில்தான். 2004-ல் ஜிமெயில் வந்தபோது 1 ஜி.பி. இடம் கொடுத்ததையே வாயை பிளந்து பார்த்தார்கள். இப்போது இலவசமாக 15 ஜி.பி. ஆனால் அது மெயிலுக்கு மட்டும் இல்லை. கூகுள் போட்டோஸ், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2024-ல் இருந்து ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இந்த கணக்கில் சேர்ந்து விட்டது. சித்திரை திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வீடியோ, கல்யாண வீட்டு வீடியோ, குட்மார்னிங் படம் எல்லாம் அதில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

15 ஜி.பி. தாண்டினால் புது மெயில் உள்ளே வராது. கொடுமை என்னவென்றால் திரும்பிப்போன மெயில் பற்றிய தகவல் அனுப்பியவருக்குத்தான் போகும். உங்கள் இன்பாக்ஸ் வெறுமனே அமைதியாக இருக்கும். ஜிமெயில் ஆப்பில் உங்கள் படத்தை தொட்டால் எவ்வளவு இடம் நிரம்பி இருக்கிறது என்று தெரியும். நிரம்பி இருந்தால் முதலில் பெரிய வீடியோக்களை அழியுங்கள். அழித்தால் மட்டும் போதாது. டிராஷில் கிடப்பதும் இடத்தை அடைக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். பிறகு கோடை புதிதாக கேளுங்கள். திரும்பிப்போன பழைய மெயில் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தடவை மெயில் திரும்பி வந்து விட்டால், பெரிய இணையதளங்கள் அந்த முகவரியை "அனுப்பக்கூடாத பட்டியலில்" போட்டு விடுவது உண்டு. நீங்கள் இடத்தை காலி செய்த பிறகும் அங்கிருந்து மெயில் கிளம்பவே கிளம்பாது. திரையில் மட்டும் "அனுப்பப்பட்டது" என்று வரும். அவர்கள் ஹெல்ப்டெஸ்க்கில் சொல்லித்தான் அந்த பட்டியலில் இருந்து எடுக்க வேண்டும்.

வந்த கோடு செல்லாதா?

ரீசென்ட்டை நாலு தடவை அழுத்தினால் நாலு கோடு வரும். பல இடங்களில் கடைசியாக கேட்ட கோடுதான் செல்லும். ஜிமெயில் ஒரே தலைப்பில் வரும் மெயில்களை ஒன்றாக அடுக்கி வைக்கும். மேலே தெரிவது பழசு, புதுசு அடியில் இருக்கும். சில சமயம் மெயிலின் அடிப்பகுதியை மூன்று புள்ளிக்குள் ஒளித்து வைக்கும், அதை தொட்டால்தான் கோடு தெரியும். கோடு வரவில்லை என்று சொல்லும் சிலருக்கு இன்பாக்சில் நாலு கோடு கிடக்கும்!

அடிக்கடி அழுத்தினால் சில இணையதளங்கள் கொஞ்ச நேரத்துக்கு அனுப்புவதையே நிறுத்தி விடும். ஒரு தடவை கேட்டு விட்டு 10 நிமிடம் கையை கட்டிக்கொண்டு இருங்கள். செல்போனில் விண்ணப்ப பக்கத்தை விட்டு மெயில் ஆப்புக்கு தாவி விட்டு திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோடு ஆகி கோடு கேட்கும் கட்டமே காணாமல் போகும். வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றில் விண்ணப்பம், ஒன்றில் மெயில் என்று வைத்துக்கொள்வது நல்லது.

"பாஸ்வேர்டு மறந்து விட்டது" பட்டனில் வேறு கதை. அந்த ஐடியில் கணக்கே இல்லை என்றாலும் நிறைய இணையதளங்கள் அதை வெளியே சொல்லாது. யாருக்கு கணக்கு இருக்கிறது என்று திருடர்கள் கண்டுபிடித்து விடக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் "மெயில் அனுப்பி இருக்கிறோம்" என்று ஒரே பதிலைத்தான் காட்டும். எத்தனை ராத்திரி காத்திருந்தாலும் வராது. அப்பா ஐடியிலா, அண்ணன் ஐடியிலா, கடை ஐடியிலா எதில் பதிந்தோம் என்று யோசிக்க வேண்டும். எல்லா மெயிலிலும் அந்த இணையதளத்தின் பெயரை தேடிப்பாருங்கள். முதன்முதலில் வந்த வரவேற்பு மெயில் எதில் இருக்கிறதோ அதுதான் ஐடி.

செத்துப்போன பழைய ஐடி

காலேஜ் காலத்தில் தொடங்கி மறந்துபோன ஐடியை கொடுத்திருந்தால் அந்த பெட்டியே இப்போது இருக்காது. இந்தியாடைம்ஸ் மெயில் 2013-ல் மூடப்பட்டது. அதே வருடம் யாகூ, பயன்படுத்தாமல் கிடந்த பழைய ஐடிகளை வேறு ஆட்களுக்கு கொடுக்கப்போவதாக அறிவித்தது. 2 வருடம் தொடாத கணக்குகளை அழிக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கணக்கு உயிரோடு இருந்து பாஸ்வேர்டு மட்டும் மறந்திருந்தால், முன்பு எந்த போனில், எந்த வீட்டில் இருந்து திறப்பீர்களோ அங்கிருந்தே மீட்க முயற்சி செய்யுங்கள். தெரிந்த போன், தெரிந்த இடம் என்றால் கூகுள் நம்பும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மீட்க பார்த்தால் உங்களையே திருடன் என்று நினைக்கும்.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் ஹெல்ப்டெஸ்க்தான். எந்த தேதி, எத்தனை மணி, எந்த ஐடி, விண்ணப்ப எண் இருந்தால் அது, திரையின் படம் எல்லாம் சேர்த்து, மெயில் ஒழுங்காக வருகிற இன்னொரு ஐடியில் இருந்து அனுப்ப வேண்டும். வராத ஐடியில் இருந்தே புகார் அனுப்பி விட்டு பதிலுக்கு காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆபீஸ் நேரத்தில்தான் பதில் சொல்வார்கள் என்பதால் கடைசி நாளுக்கு 3, 4 நாள் முன்பே பதிவையாவது முடித்து வைத்து விட வேண்டும். போட்டோ, கையெழுத்து எல்லாம் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

கஸ்டமர் கேர் பெயரில் மோசடி

கோடு வரவில்லை என்ற அவசரத்தில் கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வருவதற்கு போன் போடாதீர்கள். அங்கே போலி நம்பர்கள் நிறைய. "நான் அனுப்பி விடுறேன், வந்த கோடை மட்டும் சொல்லுங்க" என்பான். சொன்னால் கணக்கு அவன் கைக்கு போய் விடும். எந்த ஆபீசில் இருந்தும் போன் செய்து கோடை கேட்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, நீங்கள் கேட்காமலே உங்கள் மெயிலுக்கு கோடு வருகிறதா? பாண்டி, முத்து, மீனாட்சி என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர் இது. அதே பெயர்காரர் யாராவது தன் ஐடி என்று நினைத்து உங்கள் ஐடியை அடித்திருக்கலாம். அப்படியே விட்டு விடுங்கள். ஆனால் அது உங்கள் கணக்கு இருக்கிற பேங்க் அல்லது இணையதளத்தில் இருந்து வந்திருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றி விடுங்கள். மெயிலில் இருக்கும் லிங்க் வழியாக போகாமல் நேராக அந்த இணையதளத்துக்கு போய் மாற்ற வேண்டும்.

பணம் போய் விட்டது என்றால் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்யலாம். இது மத்திய அரசின் சைபர் கிரைம் உதவி எண். எந்த கணக்கில் இருந்து எவ்வளவு, எத்தனை மணிக்கு போனது என்ற விவரத்தை கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு பணம் அடுத்த கணக்குக்கு தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.